பிரிந்த சாந்தும் சிதைந்த பாடமும்: சுவரோவியப் பாதுகாப்புப் பொருள்கள் குறித்த ஒரு மூலபாடவியல் நோக்கு

முன்னுரை

சுவரோவியத்தைச் சுவரின்மீது எழுதப்பட்ட ஓவியம் என்று கூறுவது வழக்கம். நுணுகி நோக்கின் இக்கூற்று முழுமையானதன்று. ஓவியன் கல்லின்மீதோ செங்கல்லின்மீதோ நேரே எழுதுவதில்லை. அவற்றின்மேல் பூசப்பட்ட சாந்தின்மீதே எழுதுகிறான். கல், சாந்து, வண்ணம் என்னும் மூன்றனுள் நடுவில் நிற்கும் சாந்தே மற்றிரண்டையும் பிணைக்கிறது. சாந்து கல்லைவிட்டுப் பிரியுமாயின் வண்ணம் எவ்வளவு செம்மையாக இருப்பினும் ஓவியம் நிலைக்காது.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, மாடச் சுவர்களின் வெண்சுதையில் வித்தகர் தீட்டிய ஓவியங்களைப் பேசுமிடத்துச் சுதையையும் சேர்த்தே பேசுகிறது. பிற்காலத் தமிழாய்வோ ஓவியத்தை எடுத்துக்கொண்டு சுதையை விட்டுவிட்டது. சுவரோவியம் பற்றிய தமிழ் நூல்களும் ஆய்வேடுகளும் உருவ அமைதி, புராணக் கதைமூலம், அணிகலன், காலக் கணிப்பு ஆகியவற்றை விரிவாக ஆராய்கின்றன. ஓவியத்தைத் தாங்கும் சாந்து பிரிந்தபோது அதனுள் என்ன செலுத்தப்பட்டது, எப்போது, யாரால், எதன்பொருட்டு என்னும் வினாக்கள் அவற்றுள் எழுப்பப்படுவதில்லை. அவை வேதியியலாருக்கு உரியன என்று ஒதுக்கப்படுகின்றன. இவ்வொதுக்கம் பொருத்தமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மூலபாட ஆய்வியலின் அளவுகோல்களைக் கொண்டு சாந்து நிலைப்படுத்தும் பொருள்களை மதிப்பிட முடியும் என்பதும், அவ்வளவுகோல்கள் எந்த எல்லைவரை பொருந்தும் என்பதும் இதன் மையக் கருத்துகளாகும்.

புனே: இரு பாரதங்கள்

இவ்வொப்பீட்டிற்குப் புனே நகரம் தக்க களமாக அமைகிறது. 1732இல் கட்டிமுடிக்கப்பட்ட பேஷ்வாக்களின் சனிவார் வாடா அரண்மனைச் சுவர்களில் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் தீட்டப்பட்டிருந்தன என்பர். 1828இல் நேர்ந்த பெருந்தீயில் அரண்மனையின் உட்பகுதி அழிந்தது. சாந்தின்மீது எழுதப்பட்ட பாரதம் அதனோடு மறைந்தது. இன்று எஞ்சி நிற்பவை மதிலும் வாயிலும் அடித்தளமுமே.

அதே நகரில் 1917இல் நிறுவப்பட்ட பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் மகாபாரதச் செம்பதிப்புப் பணியைத் தொடங்கியது. 1925 முதல் வி. எஸ். சுக்தங்கர் அதன் பொதுப்பதிப்பாசிரியராக விளங்கினார். 1933இல் ஆதிபருவம் நூலாக நிறைவுற்றது. 1966இல் பதிப்பு முழுமை பெற்றது. சாரதா, தேவநாகரி முதலிய வடபுலச் சுவடிகளோடு கிரந்தம், தெலுங்கு, மலையாளம் ஆகிய தென்னக எழுத்துச் சுவடிகளும் இதற்கென ஒப்புநோக்கப்பட்டன.

இப்பதிப்பு கைக்கொண்ட நெறிகளுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை. ஐயத்திற்குரிய பாடங்களின் கீழ் அலைக்கோடு இடப்பட்டது. பிற்சேர்க்கை எனக் கருதப்பட்ட பகுதிகள் எறியப்படாமல் உடுக்குறியுடன் அடிக்குறிப்பிலும், நீண்டவை பின்னிணைப்பிலும் வைக்கப்பட்டன. சுவடிச் சான்று இல்லாத திருத்தத்தைவிடச் சுவடியிலுள்ள பாடத்திற்குப் பொருள் காணும் முயற்சியே முதன்மை பெற்றது. பதிப்பாசிரியன் செய்தது எது, சுவடி தந்தது எது என்பதைப் படிப்பவன் பிரித்தறிய வேண்டும் என்பதே இம்மூன்றன் அடிப்படையாகும்.

தமிழ்ப் பதிப்புலகிற்கு இந்நெறி புதிதன்று. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்காமையை அப்படியே விட்டார். பிற பாட்டுகளின் சிதைவிடங்களையும் புள்ளியிட்டுக் காட்டினார். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லாமலேயே அந்நூல் 1904இல் வெளிவந்தது. யாப்பறிந்த ஒருவர் அவ்விடங்களைத் தம் சொற்களால் நிரப்பியிருக்க இயலும். நிரப்பாமையே பதிப்பறம் எனக் கொள்ளப்பட்டது.

சாந்து பிரியும் இயல்பு

சுவரில் சிதைவிடம் இருவகைப்படும். சாந்தே உதிர்ந்து வெற்றிடம் தோன்றுவது ஒன்று. இது கண்ணுக்குப் புலனாவது. சாந்து உதிராமல் கல்லிலிருந்து விலகி, இடையே பொள்ளல் தோன்றுவது மற்றொன்று. மேலே ஓவியம் முழுமையாகத் தோன்றும். விரலால் மெல்லத் தட்டினால் மட்டும் வெற்றோசை கேட்கும். இவ்விரண்டாம் வகையே மிகவும் ஊறு விளைப்பது.

கூரை வழிக் கசியும் நீர், அந்நீரோடு நகர்ந்து படிகமாகும் உப்புகள், கல்லும் சாந்தும் வெப்பத்தால் வேறுவேறு அளவில் விரிதல், அதிர்வு, விரிசலில் நுழையும் வேர், சாந்திலுள்ள நார்களைத் தின்னும் பூச்சிகள் ஆகியன இப்பிரிவிற்குக் காரணங்களாகும். சாந்தின் ஆக்கத்திற்கேற்பக் காரணமும் மாறும். அஜந்தாவில் எரிமலைப் பாறையின்மீது மண்ணும் தாவர நார்களும் கலந்த சாந்து பூசப்பட்டு, மேலே மெல்லிய வெண்பூச்சு இடப்பட்டது. அங்குப் பூச்சி அரிப்பு பெருங்கேடாக உள்ளது. எல்லோராவின் மண்சாந்தில் சணற்கஞ்சா நார் கலந்திருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு இனங்கண்டது. அஜந்தாவைவிட அங்குப் பூச்சி அரிப்பு குறைந்திருப்பதற்கு அந்நார் ஒரு காரணமாகலாம் என்பது அவ்வாய்வின் கருத்து. தஞ்சைப் பெரியகோயிலிலோ சாந்து சுண்ணாம்பு சார்ந்தது. இரண்டிற்கும் ஒரே மருந்து பொருந்தாது.

பொள்ளலுக்குள் செலுத்தப்படும் சாந்திற்குச் சில இயல்புகள் இன்றியமையாதன. ஊசிவழி ஓடும் இளக்கம் வேண்டும். காயும்போது சுருங்கலாகாது. எடை மிகலாகாது. உப்பு கலத்தல் கூடாது. நீராவியைக் கடக்கவிட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகப் பழஞ்சாந்தைவிட வலிமை மிக்கதாக இருத்தல் கூடாது. சுவர் மீண்டும் அசையுமாயின் முதலில் உடைவது புதிய பொருளாக இருக்க வேண்டுமேயன்றிப் பழைய பொருளாக இருத்தலாகாது. வலிமையே நன்மை என்று கருதும் பொதுப்புத்திக்கு இவ்விதி முரணாகத் தோன்றும். பழுதுபார்ப்பு வரலாற்றின் பிழைகள் பல இவ்விடத்திலேயே தோன்றின.

நிரப்புபொருள்களின் வரலாறு

ஐதராபாத் நிஜாம் அரசின் அழைப்பில் 1920-22 காலத்தில் இத்தாலிய வல்லுநர் லொரென்சோ செக்கோனியும் அவர்தம் துணைவர் ஓர்சினியும் அஜந்தாவில் பணியாற்றினர். உதிரும் நிலையிலிருந்த பகுதிகளை அவர்கள் காத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் வண்ணத்தைப் பற்றவைக்கப் பூசிய அரக்கு காலப்போக்கில் கறுத்து மஞ்சளித்தது. விடுதலைக்குப் பின்னர் இந்தியத் தொல்லியல் துறை பாலிவினைல் அசிட்டேட்டைப் பயன்கொண்டது. அதுவும் தூசியை ஈர்த்து நிறம் மாறியது. பிற்காலத்துப் பணியின் பெரும்பகுதி முற்காலத்துப் பூச்சுகளை நீக்குவதாகவே அமைந்தது. இவை மேற்பூச்சு பற்றிய செய்திகள். மேற்பூச்சை ஓரளவேனும் நீக்கலாம். உள்ளே செலுத்திய பொருளை வெளியே எடுக்க இயலாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் அடுத்த பாடம்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் பால்புரதமான கேசினைச் சுண்ணாம்போடு கலந்து உட்செலுத்தினர். அது மிகுதியாக இறுகியதோடு பூஞ்சைக்கும் உணவாயிற்று. போர்ட்லண்டு சிமென்ட் கடினமானது, நீராவியை எளிதில் விடாதது, கரையும் உப்புகளைத் தன்னுள் கொண்டது. சிமென்டிட்ட சுவரில் ஈரம் வேறு வழியின்றிப் பழஞ்சாந்தின் வழியே வெளியேறும். உடன்வரும் உப்பு வண்ணத்தின் அடியில் படிகமாகி அதனைத் தள்ளும். பாரிஸ் சாந்து ஈரத்தில் சிறிது கரைந்து சல்பேட்டைப் பரப்பும். தூய சுண்ணாம்புச் சாந்திலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகும். ஓவியத்தின் பின்னுள்ள மூடிய பொள்ளலில் காற்றோட்டம் அரிது.

இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாக 1980களில் உரோமிலுள்ள பன்னாட்டுப் பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்பு ஆய்வு மையத்தைச் சார்ந்தோர் நீரிலேயே இறுகும் சுண்ணாம்பு, செங்கற்பொடி முதலியன கொண்ட உட்செலுத்து கலவைகளை வகுத்தனர். செங்கற்பொடி இந்திய மரபிற்குப் புதிதன்று. விஷ்ணுதர்மோத்தரப் புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி, ஓவியச் சுவரை ஆயத்தம் செய்யும் முறையைச் செங்கற்பொடியிலிருந்தே தொடங்குகிறது.

மண்சாந்தின் சிக்கல் வேறு. நீர் மிகுந்தால் மண் இளகும். சீனத்தின் துன்ஹுவாங் அருகேயுள்ள மொகாவோ 85ஆம் குகையில் துன்ஹுவாங் ஆய்வகமும் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் 1997 முதல் மேற்கொண்ட பணி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்விடத்து ஆற்றுமண், நுரைக்கல், நுண்கண்ணாடிக் குமிழ்கள், முட்டை வெள்ளைக்கரு ஆகியன கலந்த சாந்தை அவர்கள் பல சோதனைகளுக்குப் பின் தேர்ந்தனர். சாந்திலிருந்து வெளிப்படும் நீரையும் உப்பையும் உறிஞ்சும் பட்டைகளை ஓவியத்தின்மீது அழுத்தி வைத்தனர். செட்டிநாட்டுச் சுதைவேலையில் முட்டை வெள்ளைக்கருவும், தமிழகக் கோயிற்கட்டுமானத்தில் கடுக்காய்நீரும் வெல்லமும் சுண்ணாம்பில் சேர்ந்தமையை இங்கு ஒப்புநோக்கலாம். ஆயின் மரபுப்பொருள் என்பதாலேயே ஒன்று தகுதி பெற்றுவிடாது. புதுச்சுவர் எழுப்பப் பயன்பட்ட கலவை, ஆயிரமாண்டுச் சாந்தின் பின்னே செலுத்தத் தக்கது என்பதற்குச் சோதனையே சான்றாகும். மரபின் பெயரால் சோதனையை விலக்குவதும், புதுமையின் பெயரால் மரபை விலக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்களாம்.

புலப்படாத பாடம்

1939இல் உரோமில் தொடங்கப்பெற்ற நடுவண் மீட்பு நிறுவனத்தின் முதல் இயக்குநரான செசாரே பிராந்தி, இழந்த வண்ணத்தை நிரப்புவதற்கு ஒரு நெறியை வகுத்தார். தொலைவில் நிற்பார்க்கு ஓவியம் ஒருமையுடன் தோன்ற வேண்டும். அருகில் வருவார்க்கு நிரப்பிய பகுதி நுண்கோடுகளால் தனித்துப் புலப்பட வேண்டும். உரோமின் நுண்கோடும் புனேயின் அலைக்கோடும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள் எனலாம். நிரப்பியவன் தன் கையை மறைக்கலாகாது என்பதே அவ்வறம்.

எனினும் இவ்வொப்புமை இரண்டிடங்களில் தடைப்படுகிறது. முதலாவது, பொள்ளலுக்குள் செலுத்திய சாந்தில் நுண்கோடும் இட இயலாது, அலைக்கோடும் இட இயலாது. அது முற்றிலும் மறைந்து நிற்பது. ஆகவே அதனைப் பிரித்தறியும் வழி எழுத்துப் பதிவு ஒன்றே. எவ்விடத்தில், எந்நாளில், எக்கலவை, எவ்வளவு செலுத்தப்பட்டது என்னும் வரைபடமும் குறிப்புமே அச்சாந்திற்குரிய பாடவேறுபாட்டுப் பட்டியலாகும். பட்டியலின்றிப் பாடத்தை மட்டும் அச்சிட்ட பதிப்பு ஆய்வுக்குப் பயன்படாதவாறு, பதிவின்றி நிலைப்படுத்தப்பட்ட சுவரும் அடுத்த தலைமுறையின் ஆய்வுக்குப் பயன்படாது. அங்குத் திரட்டப்படும் சாந்துக்கூறு சோழர் காலத்ததா, சென்ற நூற்றாண்டினதா என்பதே ஐயமாகிவிடும்.

இரண்டாவது தடை இதனினும் ஆழமானது. சுக்தங்கர் தேர்ந்த பாடம் தவறாயினும் சுவடிகள் தம் பேழைகளில் அப்படியே உள்ளன. பின்வருவோர் அவற்றை மீண்டும் ஒப்புநோக்கலாம். பதிப்பாசிரியன் வேறு தாளில் எழுதுகிறான். சுவரோவியப் பாதுகாப்பாளனுக்கு வேறு தாள் இல்லை. உலகிலுள்ள ஒரே சுவடியின்மேலேயே அவன் தன் பாடத்தை எழுதுகிறான். பதிப்புப்பிழை திருத்தத்தக்கது, சாந்துப்பிழை பெரும்பாலும் திருத்த இயலாதது. எனவே பாதுகாப்பாளன் பதிப்பாசிரியனைவிடப் பன்மடங்கு தயங்க வேண்டியவனாகிறான். ஒரு நிரப்புபொருளின் தகுதியை அது எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. பின்வருவோன் செய்ய வேண்டியதை அது எவ்வளவு தடையின்றி விடுகிறது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். மெலிந்த சாந்தைச் செலுத்துக என்னும் பொறியியல் விதியின் உட்பொருளும் இதுவே.

தமிழகச் சுவர்கள்: தஞ்சையும் திருவாரூரும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் தஞ்சைப் பெரியகோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். மேற்படலத்தின் சாந்து உதிர்ந்த இடத்திலேயே கீழ்ப்படலம் புலப்பட்டது. தமிழ்க் கலை வரலாற்றின் பெருங்கண்டுபிடிப்பொன்று பிரிந்த சாந்தின் வாயிலாகவே நிகழ்ந்தது என்பது எண்ணத்தக்கது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலார் எஸ். பரமசிவன் 1930களில் இவ்வோவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் பகுத்தாராய்ந்தார். ஈரச்சாந்தின்மீது தீட்டும் முறை இங்குக் கையாளப்பட்டது என்பது அவர் முடிபு. பிற்காலத்தார் சிலர் இதனை மறுத்தும் எழுதினர்.

பின்னர்த் தொல்லியல் துறையின் வேதியியற் பிரிவினர் நாயக்கர் படலத்தின் சில பகுதிகளைத் தனியே உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றிக் காட்சிப்படுத்தினர். மூலபாடவியல் நோக்கில் இச்செயல் இருவகை மதிப்பீட்டிற்குரியது. பிற்படலத்தை அழித்து முற்படலத்தைக் காட்டாமல், பிற்படலத்தையும் பேணியமை, புனேப் பதிப்பு பிற்சேர்க்கைகளைப் பின்னிணைப்பில் வைத்தமையை ஒத்தது. இது போற்றத்தக்கது. ஆயின் பின்னிணைப்பிற்குச் சென்ற அடிகள் மூலத்தின் எவ்விடத்தில் நின்றன என்பதைப் பதிப்பு எண்ணிட்டுக் காட்டும். உரித்தெடுத்த படலத்திற்கும் அது நின்ற சுவருக்கும் உள்ள உறவு பலகையில் இல்லை. தனக்குரிய அடிச்சாந்தையும் அது பெரும்பாலும் இழந்துவிடுகிறது. நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அவையின் 2003ஆம் ஆண்டுச் சுவரோவிய நெறிமுறைகள், உரித்தெடுத்தலை மீட்சியற்ற கடுஞ்செயலாகக் கருதி, வேறு வழி இல்லாதபோதே அதனை மேற்கொள்ளுமாறு கூறுகின்றன. தமிழாய்வோ இந்நிகழ்வைச் சோழர் ஓவியம் மீண்டது என்னும் மகிழ்ச்சிச் செய்தியாக மட்டும் ஏற்றது. நாயக்கர் படலம் ஒரு தனிப்பாடம் என்ற நோக்கில் விவாதம் எழவில்லை.

திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபம் தமிழ் இலக்கியத்தோடு நேர்த்தொடர்புடையது. சுந்தரர் அங்குக் கூடியிருந்த அடியாரைக் கண்டு திருத்தொண்டத்தொகை பாடினார் என்பது பெரியபுராண மரபு. அம்மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் வரலாறும் தியாகராசர் திருவிழாவும் தீட்டப்பட்டுள்ளன. காட்சிகளுக்கிடையே தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. ஓவியர் சிங்காதனம் என்பாரின் பெயரும் அங்கு உள்ளது. விதானம் ஆதலின் சாந்தின் எடை முழுவதும் கீழ்நோக்கி இழுக்கும். பிரிந்த சாந்து அங்கு நெடுநாள் தொங்காது. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் அறக்கட்டளை ஒன்றின் முயற்சியாலும் வல்லுநர் துணையாலும் இவ்வோவியங்கள் நிலைப்படுத்தப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டன. 2011இல் அவை நூலாகவும் வெளிவந்தன.

அவ்விதானத்திலுள்ள குறிப்புகள் ஓவியத்தின் பகுதி மட்டுமல்ல, தமிழ் உரைநடையின் சான்றுகளுமாகும். பேச்சுவழக்கு, எழுத்துமுறை, தலபுராணக் கதையின் வட்டார வடிவம் ஆகியவற்றிற்கு அவை மூலங்கள். ஓலைச்சுவடி சிதைந்தால் படி ஒன்று வேறிடத்தில் கிடைத்தல் கூடும். விதானத்தில் எழுதிய வரிக்குப் படி இல்லை. சாந்தின் ஒரு துண்டு வீழின் ஒரு சொல் வீழ்கிறது. இந்நிலையில் சாந்து நிலைப்படுத்தும் பொருளைத் தேர்வது தமிழ்ப்பாடம் ஒன்றின் வாழ்வைத் தீர்மானிக்கும் செயலாகிறது. அதனை வேதியியலாருக்கு மட்டும் உரியது என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

தமிழாய்வு செய்யத்தக்கன

வேதியியற் சோதனையைத் தமிழாய்வாளர் மேற்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவரவர் துறைக்கு அவரவர் கருவி உண்டு. எனினும் தமிழாய்வாளர் செய்யத்தக்கன மூன்றுள. முதலாவது, சுவரோவியத்தைச் சான்றாகக் காட்டும் ஆய்வில் அதன் பழுதுபார்ப்பு வரலாற்றையும் குறித்தல் வேண்டும். பதிப்பின் பெயரைச் சுட்டாமல் பாட்டடியைச் சான்று காட்டும் ஆய்வேட்டை ஏற்காத துறை, பழுதுபார்ப்பைச் சுட்டாமல் ஓவியத்தைச் சான்று காட்டும் ஆய்வேட்டை ஏற்பது முரணாகும். இரண்டாவது, சாந்தில் எழுதப்பட்ட குறிப்புகளை நிலைப்படுத்தும் பணிக்கு முன்னரே படியெடுத்துப் பதிப்பித்தல் வேண்டும். மூன்றாவது, சுதை வேலை செய்வோரின் சொற்களையும் செய்முறைகளையும் திரட்டுதல் வேண்டும். சுண்ணாம்பை ஊறவைக்கும் காலம், அரைக்கும் பதம், பூச்சின் அடுக்கு ஆகியவற்றைக் குறிக்கும் தொழிற்சொற்கள் வழக்கொழிந்து வருகின்றன. அவற்றைத் திரட்டுவது அகராதியியல் பணியாவதோடு பழஞ்சாந்தின் ஆக்கத்தை விளங்கிக்கொள்ளவும் துணைசெய்யும்.

இத்துறையின் வாளாமைக்கு விலை உண்டு. புனே மாவட்டத்துப் பேட்சே குடைவரைகளில் 1861ஐ ஒட்டி, வந்துபோகும் அதிகாரிகளை மகிழ்விக்கும்பொருட்டுச் செய்யப்பட்ட வண்ணப்பூச்சால் பழைய ஓவிய எச்சங்கள் சாந்தோடு அழிந்தன என்பர். தமிழகத்திலும் குடமுழுக்குத் திருப்பணிகளின்போது வெள்ளையடிப்பாலும் மணல்வீச்சாலும் சிமென்ட் பூச்சாலும் ஓவியங்களும் கல்வெட்டுகளும் பல இடங்களில் ஊறுபட்டுள்ளன. இரண்டிலும் கேடு செய்தது பகைமையன்று. சுவரைச் செம்மைப்படுத்தும் ஆர்வமே கேடு செய்தது. சுவரையும் ஒரு பாடமாகப் படிக்கும் பழக்கம் இருந்திருப்பின் அவ்வார்வம் தயங்கியிருக்கும்.

முடிவுரை

பிரிந்த சாந்தை நிலைப்படுத்தும் பொருள்களின் வரலாறு, வலிமையை நாடிய நிலையிலிருந்து பொருத்தத்தை நாடும் நிலைக்கு வந்துள்ளது. அரக்கு, கேசின், சிமென்ட், செயற்கைப் பிசின் ஆகியவற்றின் வழியே நீரிலிறுகும் சுண்ணாம்பிற்கும் அவ்விடத்து மண்ணிற்கும் வந்துள்ள இப்பயணம், மனம்போனபடி திருத்திய பதிப்புகளிலிருந்து செம்பதிப்பிற்கு வந்த பயணத்தை ஒத்தது. நிரப்பியதை மறைக்காமை, விலக்கியதை அழிக்காமை, சான்றில்லாததைச் சேர்க்காமை என்னும் பதிப்பறம் சுவருக்கும் பொருந்தும். ஆயின் சுவருக்குப் படி இல்லாமையால் அங்கு அவ்வறம் இன்னும் கடுமையாகக் கொள்ளத்தக்கது. மறைந்து நிற்கும் சாந்திற்குப் பதிவு ஒன்றே குரலாதலின், அப்பதிவைக் கேட்டுப் பெறுவதும் ஆய்விற் பயன்கொள்வதும் தமிழாய்வின் கடமையாகும்.